அசையாதீங்க

கண்மணி ஸ்டுடியோவுக்குள் கறுப்பாக நுழைந்தவர் யாரும் கறுப்பாக வெளியே போனதில்லை. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில், படியேறியதும் இடப்பக்கம் அவளுடைய ஸ்டுடியோ, வலப்பக்கம் என் தையல்கடை. நடுவில் ஒரு சன்னலும் கைகழுவும் தொட்டியும் இருவருக்கும் பொது. என்னிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு அப்படியே எதிரே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படி நான் தைத்துக் கொடுப்பேன். முகம் எப்படி இருந்தாலும் அவள் ஒரு படி ஏற்றித்தான் கொடுப்பாள். அதனால் என்னைவிட அவளுக்குத்தான் கூட்டம் அதிகம், எனக்கு அதில் வயிற்றெரிச்சலும் உண்டு.

நாள் முழுக்க அவள் குரல் என் கதவு வழியாக வந்துகொண்டே இருக்கும்.

"தாடைய எறக்குங்க. கண்ணச் சிமிட்டாதீங்க. மூச்ச விடாதீங்க. அசையாதீங்க, அசையாதீங்க... ஆங், ஓகே லா."

முகத்தில் மூக்கின் நிழல்கூட விழக்கூடாது என்பது அவளுடைய சட்டம். இரண்டு பக்கமும் இரண்டு குடை விளக்கு, தாடைக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை. அது போதாமல் "ஒரு ஸ்டாப் ஏத்திக்கிறேன்" என்று கேமராவிலும் வெளிச்சத்தைக் கூட்டுவாள். பிறகு கணினியில் எஃப் டூ. அந்தப் பொத்தானைத் தட்டினால் முகம் தானாக வெளுக்கும்படி அவளே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். படம் திரையில் திறப்பதும் அவள் விரல் எஃப் டூவைத் தட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கப்பல்பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் ஊரில் பெண் பார்க்க அனுப்பும் படம், பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ், அறுபதாம் கலியாணம் எல்லாமே அந்த ஒரு பொத்தான் வழியாகத்தான் வெளியே போகும். கேட்டவர்களுக்குச் சந்தோஷம். கேட்காதவர்களும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பாஸ்போர்ட் போட்டோவில் மட்டும் கை வைக்கமாட்டாள். அதற்கு விதி இருக்கிறது, நிறத்தை மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "நான் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணு திரும்பி வந்ததுன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம்" என்று சவால் விடுவாள். அதுவும் உண்மைதான், அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

அன்று மதியம் நல்ல மழை. படியில் தடதடவென்று சத்தம் கேட்டதும் ரக்ஷனா என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு படியாக ஏறி எனக்குத் தெரிந்து அவள் வந்ததே இல்லை. கண்மணிக்கு ஒரே மகள். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட், அடிபட்டுக் கிடக்கிறவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. வாரக்கடைசியில் காலாங் ஆற்றில் டிராகன் படகுப் போட்டிக்காகத் துடுப்புப் போடுவாள். அம்மாவின் கறுப்பு நிறம், அதன்மேல் காலாங் வெயில். தோள் இரண்டும் இறுகி நிற்கும், ரவிக்கைக் கை வெட்டும்போது அவளுக்கு மட்டும் நான் அரை அங்குலம் தாராளமாக விடுவேன். அடுத்த மாதம் அவளுக்கும் கபிலனுக்கும் கலியாணம். கபிலன் எம்.ஆர்.டி. ரயில் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறான், அதே படகில் முன்னால் உட்கார்ந்து மேளம் அடிக்கிறவன். கலியாணம் முடிந்ததும் ஜப்பான் போவதாக ஏற்பாடு, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கண்மணி ஸ்டூலில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ டீ உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் வாயில் ஊசியோடு கதவோரம் நின்றிருந்தேன்.

"ம்மா, போட்டோ ரிஜெக்ட் ஆயிடுச்சு."

"எந்த போட்டோ?"

"பாஸ்போர்ட் போட்டோ. நீ எடுத்தது."

கண்மணி சிரித்துவிட்டாள். "நீ ஏதாவது தப்பா அப்லோட் பண்ணியிருப்ப. மறுபடி அனுப்பு."

"படிக்கிறேன் கேளு. தோல் நிறம் மாத்தப்பட்டிருக்கு, மாத்தாத படம் அனுப்புங்கன்னு போட்டிருக்கு." ரக்ஷனா ஃபோனை மேசைமேல் வைத்து, அதன் பக்கத்தில் தன் முழங்கையையும் வைத்தாள். மழையில் நனைந்த கை பளபளத்தது. ஃபோனில் இருந்த பெண் அவளுடைய தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தாள். "இப்ப சொல்லு. தப்பு அப்லோட்லயா?"

"நான் கை வைக்கலடி. பாஸ்போர்ட்டுக்கு நான் கை வைக்கவே மாட்டேன். தவத்தக் கேளு."

தவம் என்பது நான்தான், தவமணி. நான் ஊசியைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

கண்மணி கணினியில் அந்தக் கோப்பைத் தேடித் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். சுட்டியை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எஃப் டூ" என்றாள் மெதுவாக.

"ஊர்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் கை வைக்காம அனுப்பியிருக்க. எனக்கு மட்டும் ஏம்மா கை போச்சு?"

"வேணும்னு பண்ணல. நீ ஸ்க்ரீன்ல வந்ததும் கை தானாப் போயிருக்கு."

"அதான் ப்ராப்ளமே. பேபியா இருந்தப்பலேர்ந்து தானாவே போகுது. டீன்ஏஜ்ல நான் நம்ம வீட்டு செவுத்துல இருக்கிற படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பாப்பேன், தெரியுமா? செவுத்துல இருக்கிறவதான் அம்மாவுக்குப் பிடிச்ச பொண்ணுன்னு நெனச்சுப்பேன்."

"லூசு மாதிரி பேசாத."

"லூசு இல்லம்மா. சீரியஸ். அதனால கல்யாணத்துக்கு நீ எடுக்க வேணாம். ஜாஃபர் அண்ணன புக் பண்ணிட்டேன்."

கண்மணிக்கு முதலில் கோபம் வரவில்லை, ஜாஃபர் பெயரைக் கேட்டதும்தான் வந்தது.

"யாரு, அப்பர் டிக்சன் ரோட்டு ஜாஃபரா? கரண்ட் பில் கட்டாதவன் மாதிரி படம் எடுப்பானே, அவனா? பாதி மூஞ்சி இருட்டுல கெடக்கும், கேட்டா ஆர்ட்டுன்னு சொல்வான்!"

"பாதி இருட்டா இருந்தாலும் மீதி பாதி நானா இருப்பேன்ல" என்றாள் ரக்ஷனா. ஃபோனை எடுத்துக்கொண்டாள். "ஆண்ட்டி, ப்ளவுஸ் ஃபிட்டிங்குக்கு சன்டே வரேன்" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். படியில் அந்தத் தடதடச் சத்தம் கேட்கவில்லை. அவள் மெதுவாக இறங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஸ்டுடியோவிலிருந்து சத்தமே இல்லை. வருகிறவர்களுக்குப் படம் எடுத்தாள், ஆனால் அதட்டவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தேக்கா சந்தையிலிருந்து மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மேசைமேல் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பரப்பிக் கிடந்தன. திரையில் ரக்ஷனா ஒன்றாம் வகுப்புச் சீருடையில். அடுத்து பொங்கலுக்குப் பாவாடை சட்டையில். அடுத்து பல்கலைக்கழகப் பட்டமளிப்பு அங்கியில். எல்லா ரக்ஷனாவும் சந்தன நிறம்.

"சாப்பிடு முதல்ல" என்றேன்.

"ஒண்ணுகூட இல்ல தவம்."

"என்ன இல்ல?"

"அவ மொகம். நான் எடுத்தது எத்தனையோ ஆயிரம் இருக்கு. எல்லாத்தையும் மாத்தி, மேலயே சேவ் பண்ணித் தொலச்சிருக்கேன். பழைய நெகட்டிவ் எல்லாம் சீலிங் ஒழுகினப்ப போச்சு. அவ ஃபோன்ல அவளே எடுத்தது இருக்கும், ஃப்ரெண்ட்ஸ் எடுத்தது இருக்கும். பெத்தவ, போட்டோகிராஃபர், என்கிட்ட என் பிள்ளை மொகம் இல்ல."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. வாடகை ஏறியபோதும், தொற்றுக் காலத்தில் கடை மூடிக் கிடந்தபோதும் அவள் அழவில்லை. அன்று மீ கோரிங் ஆறும்வரை அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பொட்டலத்தைப் பிரித்து, மிளகாயை ஒதுக்கிவிட்டு முழுவதையும் சாப்பிட்டாள். கடைசி வாயை மென்றபடியே சொன்னாள்.

"நாளைக்கு காலாங்குல ப்ராக்டிஸ் இருக்கு. போறேன். எடுக்கிறேன். ஜாஃபர் எடுக்கிறதவிட நல்லா எடுத்துக் காட்டறேன். அப்புறம் அவளே வந்து கேப்பா பாரு, கல்யாணத்துக்கு நீயே எடும்மான்னு."

"அவ துடுப்பு போடறப்போவா? அசையாதேன்னு சொன்னா படகு கவுந்துரும்."

"வாய மூடு. நீயும் வர. பேக் தூக்க ஆள் வேணும்."

இப்படித்தான் நான் சனிக்கிழமைகளில் தையலை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போக நேர்ந்தது. அவள் புருஷன் சுந்தரமும் வந்திருந்தார். செம்பவாங் கப்பல்பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டார். ஒரு மடக்கு நாற்காலியும் மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் ஒரு பையும் அவர் பொறுப்பு.

அன்று நாங்கள் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. வெயில் உச்சந்தலையில் அடித்தது. படகுகள் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் கண்மணி விரல் தேயத் தட்டினாள். கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தவள் முகம் சுருங்கியது. தொப்பிக்குக் கீழே ரக்ஷனாவின் முகம் இருந்த இடத்தில் கரி அப்பிய மாதிரி ஒரு திட்டு. பற்கள் மட்டும் தெரிந்தன.

"ஒரு ஸ்டாப் ஏத்தறேன்."

ஏற்றினாள். முகம் கொஞ்சம் தெரிந்தது, தண்ணீர் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. இன்னும் ஏற்றினாள். தண்ணீரும் வானமும் எதிர்க்கரைக் கட்டடங்களும் காணாமல் போயின. அந்த வெறுமையில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, கல்லாய்ச் சமைந்த பெண் ஒருத்தி இருந்தாள். துடுப்பிலிருந்து தெறித்த தண்ணீர்கூட ஆணி அடித்தாற்போல அப்படியே நின்றது.

"எவ்ளோ ஷார்ப்பா இருக்கு" என்றேன், ஆறுதலாக.

"செத்த ஷார்ப்பு. அவ ஒரு இழுப்பு இழுத்தா படகு துள்ளுது. இதுல ஏதாவது துள்ளுதா? பாஸ்போர்ட் போட்டோவ தண்ணில போட்ட மாதிரி இருக்கு." வெயிலை அண்ணாந்து பார்த்துத் திட்டினாள். "இதுக்கு ஒரு குடை போட முடியல பாரு."

சுந்தரம் அவளுக்கு ஒரு கறிபாப்பை நீட்டினார். "இன்னிக்கு போதும், கண்மணி. அடுத்த வாரம் வரலாம்."

"நீங்க கெளம்புங்க. நான் வரல."

ஆனாலும் கிளம்பிவிட்டாள். அந்த வாரம் முழுவதும் ஸ்டுடியோவில் விசித்திரங்கள் நடந்தன. குடை விளக்குகளை அணைத்துவிட்டு, பொதுச் சன்னலுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் என்ன, அழகுப் பொம்மையா? ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் விழும்போது என் கன்னத்து எலும்பு எழுந்து நிற்பதாகச் சொன்னாள். நானும் கறுப்புதான். "உனக்குக் கன்ன எலும்பு இருக்குன்னு இத்தன நாளா தெரியாம போச்சே" என்றாள். நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் போகும் சைக்கிள்காரர்களைச் சன்னலிலிருந்து கேமராவால் துரத்திக்கொண்டே திரும்பினாள். வெள்ளிக்கிழமைக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி துரத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை இருட்டு விலகும் முன்பே எங்களைக் கிளப்பிவிட்டாள். முந்தின இரவு பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. விளையாட்டரங்கத்தின் வளைந்த கூரைக்குப் பக்கத்திலிருந்து வெயில் தண்ணீரைத் தடவிக்கொண்டு கிடையாக வந்தது. படகு கிளம்பியது. கபிலனின் மேளம் முதலில் கேட்டது, அதன் பிறகுதான் படகு கண்ணுக்குத் தெரிந்தது.

கண்மணி கேமராவைத் தூக்கவில்லை. முதல் சுற்று முழுவதும் வெறுங்கண்ணால் பார்த்தாள். ரக்ஷனா கரையோரப் பக்கத்தில் இருந்தாள். அவள் முன்னால் குனியும்போது வெயில் நனைந்த தோளின் மேல் ஒரு கோடாக விழுந்தது, இழுத்து நிமிரும்போது அந்தக் கோடு புஜத்தில் இறங்கி முழங்கையில் முடிந்தது. முகத்தில் நெற்றி, மூக்கு, ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் பொலிந்தன. மற்ற பக்கம் நிழல்.

"தவம், பாத்தியா? நான் இத்தன நாளா வெளிச்சத்த உள்ள திணிக்கப் பாத்துக்கிட்டிருந்தேன். இந்தத் தோல்ல அது உள்ள போக வேண்டியதே இல்ல. மேல உக்காந்துக்கிட்டு என்னா அழகா வெளையாடுது பாரு." குரல் உடைந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "ஏத்தக்கூடாது. எறக்கணும்."

அவள் ஒரு ஸ்டாப் இறக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஷட்டரையும் மெதுவாக்கினாள். படகு நெருங்கியதும் காலை அகட்டி நின்று, முகத்தைக் கேமராவில் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து படகோடு கூடவே திரும்பினாள். என் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல அவ்வளவு சீராக. முதல் படம் முழுக்க நீர்ப்பாசியாய்க் கலங்கியிருந்தது. அடுத்ததில் கபிலனின் மேளம் தெளிவாக வந்தது, மகள் இல்லை. அதற்கடுத்ததில் யாரோ ஒருவரின் காது.

"அசையாதேன்னு சொல்ல முடியாது. நாமதான் கூட அசையணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படகு போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் நின்றாள், திரும்பினாள், பார்த்தாள், தலையை ஆட்டினாள். சுந்தரம் நாற்காலியை விரித்துவைத்தார். அவள் உட்காரவில்லை. வெயில் ஏறி நிழல் குட்டையாகும் நேரம், கடைசிச் சுற்று. கேமராவைத் தாழ்த்திப் பின்பக்கத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கெடச்சுதா?" என்றார் சுந்தரம்.

அவள் கேமராவை அவரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "உன் அம்மா ஜாடை" என்றார். கண்மணி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அன்று மதியமே படம் ஸ்டுடியோ கணினியில் திறந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். படம் திரையில் விரிந்ததும் அவளுடைய இடதுகை விரல் எழுந்து எஃப் டூவை நோக்கிப் போனது. நான் "ஏய்!" என்று கத்தினேன். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"தவம், தையல் பிரிக்கிற ஊசிய கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். பொத்தானுக்கு அடியில் நுழைத்து நெம்பினாள். எஃப் டூ தெறித்துப் போய் என் கடை வாசலில் விழுந்தது. நான் எடுத்து என் ஊக்கு டப்பாவில் போட்டுவைத்தேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் தைத்த ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு செம்பவாங்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரிய அளவில் அச்சுப்போட்ட படத்தைக் கண்மணி பழைய நாள்காட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். சுந்தரம் மீன்குழம்பும் நெத்திலி சம்பலும் செய்திருந்தார், வீடு முழுக்க வாசனை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் படத்தை விரித்தாள். நான்கு மூலையிலும் நான்கு தண்ணீர்க் குவளைகள்.

தண்ணீர் கோடு கோடாக ஓடியிருந்தது. முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவர்களும் கலங்கிக் கரைந்திருந்தார்கள். துடுப்பு ஒரு விசிறி மாதிரி விரிந்திருந்தது. நடுவில் ரக்ஷனாவின் முகம் மட்டும் அசைவில்லாமல் தெளிவாக இருந்தது, பாதி வெயிலில், பாதி நிழலில். நிழலில் இருந்த கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம். வாய் திறந்து எண்ணிக்கையைக் கத்திக்கொண்டிருந்தாள். கறுப்பு, நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் வியர்வையும் தண்ணீரும் வெயிலும்.

ரக்ஷனா மேசையில் கை ஊன்றினாள். குனிந்து பார்த்தாள். கண்மணியால் பொறுக்க முடியவில்லை.

"கழுத்துல நரம்பு கொஞ்சம் தெரியுது."

"இருக்கில்ல. தெரியட்டும்." விரலால் படத்தைத் தொடாமல், மேலாகவே தடவினாள். "இது நான்மா."

"நீதான்."

"ரொம்ப அழகா இருக்கேன்."

"நீ எப்பவும் அழகுதான்டி. எனக்குத்தான் எடுக்கத் தெரியல." சொல்லிவிட்டு, இவ்வளவு நாளும் காத்திருந்ததைக் கேட்டாள். "அப்ப கல்யாணத்துக்கு?"

"ஜாஃபர் அண்ணன்தான்."

கண்மணியின் முகம் விழுந்தது. எனக்கே அந்தப் பெண்மேல் ஆத்திரமாக வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டு, புல்லில் வழுக்கி, எத்தனை பாடு! சம்பல் தட்டைக் கொண்டுவந்த சுந்தரமும் அப்படியே நின்றார்.

"இன்னும் கோவம் போகலையா உனக்கு?" என்றாள் கண்மணி.

"கோவம் போயிடுச்சு. இங்க வா." ரக்ஷனா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு முன் நிறுத்தினாள். "நல்லா பாரு. என் ஃபர்ஸ்ட் பர்த்டே. அப்பா இருக்காரு, நான் இருக்கேன். ஸ்கூல் ஃபர்ஸ்ட் டே. அப்பா, நான். பாட்டி வீட்டுப் பொங்கல், கான்வகேஷன், எங்கேஜ்மென்ட். எல்லாத்துலயும் அப்பா பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம் காலியா இருக்கு. நீ எங்கம்மா?"

"நான்தான எடுத்தேன்!"

"அதத்தான் சொல்றேன். கல்யாணத்துலயும் நீ எடுத்தா, கல்யாணத்துல நீ எங்க இருப்ப?"

சுந்தரம் மெதுவாகச் சொன்னார். "டைமர் வெச்சு எடுக்கலாம்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன். லைட்ட யாரு பாக்கிறதுன்னு கேப்பா."

கண்மணி சோபாவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முந்தானையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேமரா முன்னால நிக்க வராதுடி."

"ஏன்?"

"என் கல்யாணத்துல போட்டோ எடுத்தவர், எல்லாரையும் வெச்சுக்கிட்டு, பொண்ணு மூஞ்சிக்கு மட்டும் இன்னும் ரெண்டு லைட்டு வேணும்னு கத்தினாரு. மண்டபமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். என்ன பண்றது? அதுக்கப்புறம்தான் கேமராவ கையில எடுத்தேன். அதுக்குப் பின்னால நின்னா யாரும் நம்மளப் பாக்கமாட்டாங்கல்ல."

ரக்ஷனா தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். பிறகு சுந்தரம்தான் "குழம்பு ஆறுது" என்றார்.

கலியாணம் கேலாங் சிவன் கோயில் மண்டபத்தில், நல்ல வெயில் நாளில் நடந்தது. கண்மணி கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள், ரவிக்கை என் கைவேலை. கழுத்தில் கேமரா இல்லாமல் அவளை ஒரு விசேஷத்தில் பார்ப்பது எனக்கே புதிதாக இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. தாலி ஏறும்போது என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

சடங்கெல்லாம் முடிந்து குடும்பப் படம் எடுக்கும் நேரம். ஜாஃபர் ஒல்லியாக, அமைதியாக இருந்தான். மண்டபத்துக்காரர்களிடம் சொல்லி மேடை விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறக்கச் சொன்னான். பகல் வெளிச்சம் ஒரு பக்கமாக மேடையில் ஏறியது. அணைந்த ஒவ்வொரு விளக்குக்கும் கண்மணி உதட்டைக் கடித்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் "இருட்டா இருக்கே தம்பி" என்றார்.

"நல்லா வரும் சம்பந்தி. பயப்படாதீங்க" என்று கண்மணியே சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கபிலன், ரக்ஷனா, அவள் பக்கத்தில் கண்மணி, அடுத்து சுந்தரம். அவருக்குப் பக்கத்தில் இந்த முறை காலி இடம் இல்லை. ஜாஃபர் முக்காலியில் கேமராவைப் பூட்டினான்.

"வெளிச்சம் கம்மி, ஷட்டர் மெதுவாத்தான் போகும். எல்லாரும் அப்படியே இருங்க. கண்மணியக்கா, நீங்களும். அசையாதீங்க."

ஊரையே அசையாதே என்று அதட்டியவளுக்கு அதைச் சொல்ல ஒருவன் வந்துவிட்டான். கண்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். ஜாஃபர் பொத்தானை அழுத்தப் போகும் நேரம் பார்த்து ரக்ஷனா கபிலன் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டாள். வெளிச்சம் அவள் கன்னத்தைவிட்டு நழுவியது. அதைக் கண்மணி பார்த்துவிட்டாள். அவள் கை தானாக எழுந்து, மகளின் தாடையைத் தொட்டு, வெளிச்சத்தின் பக்கம் திருப்பியது.

கேமரா நிதானமாகத் திறந்து மூடியது.

"அக்கா!" என்றான் ஜாஃபர். "ஆடிட்டீங்க. இன்னொண்ணு எடுத்துடலாம்."

"ஐயோ, மன்னிச்சுக்க தம்பி. கை தானாப் போயிடுச்சு" என்றாள் கண்மணி.

ரக்ஷனா மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, கேமராவின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். நிமிரும்போது கண்மை கலைந்திருந்தது.

"இன்னொண்ணு வேணாம்ண்ணே. இதுதான்" என்றாள்.

இப்போது ஸ்டுடியோ படிக்கட்டில் ஏறும்போது அந்தப் படம்தான் முதலில் தெரியும். முன்பு அங்கே மாட்டியிருந்த சந்தன நிற மணப்பெண் உள்ளே பரணுக்குப் போய்விட்டாள். படகுப் படம் அதற்கு எதிரே. எஃப் டூ இல்லாததால் கூட்டம் குறைந்ததா என்றால், குறையவில்லை. ஏற்றிப் போடச் சொல்லிக் கேட்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். "முதல்ல சன்னலோரமா நில்லு, நான் எடுக்கிறதப் பாரு, அப்புறமும் வேணும்னா கேளு" என்கிறாள். சிலர் மறுபடியும் கேட்கிறார்கள், பலர் கேட்பதில்லை.

போன வாரம் ஊருக்குப் படம் அனுப்ப வந்த ஒரு பையன் படியிலேயே நின்று, கலியாணப் படத்தை உற்றுப் பார்த்தான். எல்லாரும் சிலை மாதிரி நிற்க, ஒரு கை மட்டும் புகையாகக் கலங்கியிருப்பது அவனுக்கு உறுத்தியிருக்கிறது.

"அக்கா, இதுல ஒருத்தங்க கைய ஆட்டிட்டாங்களே. யாரு அது?"

கண்மணி விளக்கைச் சரிசெய்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"பொண்ணோட அம்மா."